தட்டையான விழித்திரைப் படத்தைக் கோளத்தில் ஒட்டுவது: எந்தக் கோணம், எந்த ஆரம், எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 45 டிகிரி ஃபண்டஸ் கேமராவில் (கண்ணின் உட்பின்சுவரைப் படம் பிடிக்கும் கேமரா) எடுத்த விழித்திரைப் படங்கள் கையில் இருக்கின்றன. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு கோளத்தின் மேல் ஒட்டினால் ஆப்டிக் டிஸ்க் (பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வட்டம்) முட்டை மாதிரி இழுபட்டுவிடுகிறது. எந்த ஃபார்முலா போட்டால் சரியாகும்? சரியான பிறகு, அந்தக் கோளத்தின் மேலேயே ஒரு தழும்பைச் சுற்றி வரைந்து அதன் பரப்பளவைச் சதுர மில்லிமீட்டரில் எடுக்கலாமா? எனக்குப் படுவது, இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு பிக்சலும் கண்ணின் உட்சுவரில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அது. விழித்திரைப் படங்களை அளக்கும் மென்பொருளில் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஃபார்முலா இரண்டு வரிதான். அதற்குள் போடும் எண்களில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் ஒரு அடிப்படை. ஒற்றைப் படத்தில் ஆழம் என்று எதுவும் கிடையாது. சாவித்துவாரம் வழியாக ஒரு அறையைப் பார்ப்பது போலத்தான் கேமராவும் கண்மணி வழியாக உள்ளே பார்க்கிறது. எது எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல முடியும், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆக, படம் உங்களுக்குத் தருவது கோணங்களை மட்டும்தான். தூரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கும் கண் மாதிரி தருகிறது. முப்பரிமாணத்தில் பார்க்க எவ்வளவு அழகாக வந்தாலும், அந்த மூன்றாவது பரிமாணம் படத்திலிருந்து வந்ததில்லை, நீங்கள் கொடுத்தது. இதை மறக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

டிஸ்க் முட்டையானதற்குக் காரணம் எளிது. பிளெண்டரின் சாதாரணக் கோளத்தில் டெக்ஸ்சர், அதாவது மேலே ஒட்டும் படம், உலக வரைபடம் போல விரிகிறது: படத்தின் அகலம் முழுக்க 360 டிகிரிக்கும், உயரம் முழுக்க 180 டிகிரிக்கும் பரவும். உங்கள் படம் கண்ணின் பின்சுவரில் ஒரு சிறு வட்டத்தை மட்டுமே காட்டுகிறது. அதை முழுக் கோளத்துக்கும் போர்த்தினால் அகலவாக்கில் இழுபடாமல் என்ன செய்யும்? அந்த இயல்பான விரிப்பை விட்டுவிடுங்கள். கோளத்தில் ஒரு துருவத்தைக் குறித்துக்கொண்டு, அதுதான் படத்தின் மையம் என்று வைத்து, அங்கிருந்து விலகும் கோணத்தையும் சுற்றும் திசையையும் கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் படத்தில் எந்த பிக்சல் என்று கணக்கிடுங்கள். போக வேண்டிய வழி கோளத்திலிருந்து படத்துக்கு. தலைகீழாக, படத்தின் பிக்சல்களை ஒவ்வொன்றாகக் கோளத்தில் கொண்டுபோய் வைத்தால் நடுநடுவே ஓட்டை விழும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 45 டிகிரி என்பது எங்கிருந்து அளந்த கோணம்? வழக்கமான ஃபண்டஸ் கேமராக்களில் அது கண்ணுக்கு வெளியே, கண்மணி அருகே ஒளிக்கதிர்கள் விரியும் கோணம். இதை வெளிக்கோணம் என்று வைத்துக்கொள்வோம். கோளத்தில் ஒட்டும்போது உங்களுக்கு வேண்டியதோ கோளத்தின் மையத்திலிருந்து அளக்கும் கோணம். அதை மையக்கோணம் என்போம். இரண்டும் ஒன்றல்ல. மையக்கோணம்தான் பெரியது, ஏனென்றால் பார்க்கும் இடம் கண்ணின் முன்பக்கம் இருக்கிறது, கோளத்தின் மையம் அதைவிடச் சுவருக்கு அருகில் இருக்கிறது.

எண்களோடு பார்ப்போம். ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் கட்டிய கண் மாதிரி இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கண்ணின் ஒளியியலுக்காக 1911-இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். (லென்ஸ் பிரதிபலிப்பு குறுக்கே வராமல் விழித்திரையைப் பார்க்கும் கருவியை உருவாக்கியதும் அவரே. ஃபண்டஸ் கேமராவின் வம்சாவளி அங்கிருந்துதான் தொடங்குகிறது.) அவருடைய கணக்கில் கண்ணின் பின் நோடல் புள்ளிக்கும் விழித்திரைக்கும் இடையே ஏறத்தாழ 17 மி.மீ. நோடல் புள்ளி என்பது, வெளியே வந்த கோணத்திலேயே கதிர் உள்ளேயும் போவதாக நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய இடம். விழித்திரையின் வளைவு ஆரத்துக்கு 12 மி.மீ. என்று வைப்பது வழக்கம். எஸ்குடேரோ-சான்ஸ், நவாரோ இருவரும் 1999-இல் வெளியிட்ட அகலக்கோணக் கண் மாதிரியிலும் விழித்திரை 12 மி.மீ. ஆரமுள்ள கோளம்தான். ஆக, நோடல் புள்ளி கோளத்தின் மையத்திலிருந்து 5 மி.மீ. முன்னால் இருக்கிறது. அந்த 5 மி.மீ.தான் கதையே.

கோளத்தில் ஒரு புள்ளியின் மையக்கோணம் தெரிந்தால் வெளிக்கோணம் இப்படி வரும்: மையக்கோணத்தின் சைனை 12-ஆல் பெருக்குங்கள். மையக்கோணத்தின் கோசைனை 12-ஆல் பெருக்கி அதனுடன் 5 கூட்டுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது வெளிக்கோணத்தின் டேன் மதிப்பு. அவ்வளவுதான். உங்கள் படம் 45 டிகிரி என்றால் மையத்திலிருந்து ஓரம் வரை வெளிக்கோணம் 22.5. இதற்கு ஒத்த மையக்கோணம் ஏறத்தாழ 31.7 டிகிரி. அதாவது முழு வட்டமும் கோளத்தின் மையத்திலிருந்து பார்த்தால் 63 டிகிரியைத் தாண்டுகிறது.

இதைக் கவனிக்காமல் 45-ஐ அப்படியே மையக்கோணமாகப் போட்டால் என்ன ஆகும்? 12 மி.மீ. ஆரக் கோளத்தில் 31.7 டிகிரி வரை விரியும் தொப்பியின் பரப்பளவு சுமார் 135 சதுர மி.மீ. 22.5 டிகிரி வரை என்றால் சுமார் 69. பாதி! படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். டிஸ்க் வட்டமாகத்தான் தெரியும், ரத்தக் குழாய்கள் எல்லாம் இயல்பாகத்தான் வளையும். ஆனால் அளக்கிற ஒவ்வொரு தழும்பும் உண்மையான பரப்பளவில் பாதியாக வரும். கண்ணுக்குத் தெரியாத தவறு என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அடுத்து, வெளிக்கோணத்தைப் பிக்சலாக மாற்றுவது. படத்தின் வட்டம் 3000 பிக்சல் விட்டம் என்றால் 45 டிகிரிக்கு 3000, டிகிரிக்கு 67 சொச்சம். இங்கே கேமரா கோணத்துக்கு நேர்விகிதமாகப் படம் பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். சாதாரண கேமரா லென்ஸ் போல டேன் மதிப்புக்கு விகிதமாகவும் இருக்கலாம். 22.5 டிகிரியில் இந்த இரண்டு அனுமானங்களுக்கும் இடையே ஓரத்தில் ஐந்தரை சதவீத வித்தியாசம் வரும், மையத்துக்குப் பக்கத்தில் ஒன்றுமே தெரியாது. உங்கள் கேமரா எந்த ரகம் என்று தயாரிப்பாளரிடம் கேட்பது உத்தமம். பதில் வராவிட்டால் கீழே சொல்லும் சோதனையே போதும்.

அதற்கு முன் இன்னொன்று: படத்தின் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 45 டிகிரி என்பது முழு வட்டத்தின் விட்டம். பல படங்களில் மேலும் கீழும் வட்டம் நறுக்கப்பட்டிருக்கும். பொதுவெளியில் கிடைக்கும் தரவுத் தொகுப்புகளில் யாரோ அளவு மாற்றி, சதுரமாக்கி, மறுபடி சேமித்திருப்பார்கள். கோப்பின் உயரத்தை 45 டிகிரி என்று எடுத்துக்கொண்டால் ஆரம்பமே கோணல்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஃபோவியாவிலிருந்து (கூர்மையான பார்வை தரும் நடுக்குழி) டிஸ்க்கின் மையம் சுமார் 15 டிகிரி மூக்குப் பக்கமாக, சற்றே மேலே இருக்கும். பார்வைப் புலத்தில் குருட்டுப்புள்ளி 15 டிகிரியில் விழுவதும் இதனால்தான். 3000 பிக்சல் படத்தில் அந்தத் தூரம் ஏறத்தாழ 1000 பிக்சல் வர வேண்டும். டிஸ்க்கின் உயரம் சராசரியாக 1.8 மி.மீ., அதாவது 6 டிகிரி, அதாவது 400 பிக்சல். ஆளுக்கு ஆள் மாறும், அதனால் இதை வைத்து அளவுகோலைத் திருத்தக் கூடாது. ஆனால் உங்களுக்கு 1000-க்குப் பதில் 1500 வந்தால், அது அந்த நோயாளியின் கண்ணில் உள்ள விசேஷம் இல்லை, கோப்பில் உள்ள விசேஷம்.

சோதனை என்றேனே, அது இது. ஒரே கண்ணை இரண்டு முறை படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றில் டிஸ்க் நடுவில், இன்னொன்றில் டிஸ்க் ஓரத்தில். இரண்டையும் தனித்தனியாகக் கோளத்தில் ஒட்டி, டிஸ்க்கின் விளிம்பை வரைந்து பரப்பளவை எடுங்கள். உங்கள் கணக்கு சரியென்றால் இரண்டு பரப்பளவும், கை நடுக்கத்தால் வரும் சிறு வித்தியாசம் போக, ஒன்றாக இருக்க வேண்டும். ஓரத்தில் எடுத்தது தொடர்ந்து பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் பிக்சலுக்கும் கோணத்துக்கும் உள்ள உறவு தவறு. நேர்விகிதத்தை எடுத்துவிட்டு டேனைப் போட்டுப் பாருங்கள். நான்கைந்து கண்களில் செய்தால் எது பொருந்துகிறது என்று தெளிவாகிவிடும். உண்மையான கண்ணின் அளவு தெரியாமலேயே கணக்கைச் சரிபார்க்கலாம் என்பதுதான் இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் இது சரிபார்ப்பது வடிவத்தைத்தான், மில்லிமீட்டரை இல்லை. இரண்டு படமும் ஒரே விகிதத்தில் தவறாக இருந்தால் இதில் பிடிபடாது.

இடம் வலம் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபண்டஸ் படம் கண்ணுக்குள் இருந்து பின்சுவரைப் பார்க்கும் காட்சி. வலது கண் படத்தில் டிஸ்க் வலப்பக்கம் இருக்கும், இடது கண்ணில் இடப்பக்கம். அதே படத்தைக் கோளத்தின் வெளிப்பக்கம் ஒட்டிப் பின்னாலிருந்து பார்த்தால் வலது கண்ணின் டிஸ்க் இடப்பக்கம் தெரிய வேண்டும். உங்கள் மாதிரியில் வெளியிலிருந்து பார்த்தாலும் வலப்பக்கமே தெரிந்தால் கண்ணாடி பிம்பமாக ஒட்டியிருக்கிறீர்கள். மெஷ்ஷின், அதாவது கோளத்தை உருவாக்கும் வலையின், முகங்களை உள்நோக்கித் திருப்பிவிட்டு, கேமராவைக் கோளத்துக்குள் வைத்துப் பார்த்தால் இந்தத் தலைவலி வராது.

சரி, மில்லிமீட்டர். மேலே சொன்ன 17, 12 எல்லாம் சுமார் 24 மி.மீ. நீளமுள்ள கண்ணுக்கானவை. கண்ணின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். கிட்டப்பார்வை அதிகமாக உள்ளவர்களுக்கு 26-ஐத் தாண்டி 28, 30 என்றுகூடப் போகும். இதற்கு பென்னட், ருட்னிக்கா, எட்கர் மூவரும் 1994-இல் கொடுத்த ஃபார்முலா இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கண்ணின் நீளத்திலிருந்து 1.82-ஐக் கழித்து 0.01306-ஆல் பெருக்கினால், ஒரு டிகிரிக்கு விழித்திரையில் எத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும். 24 மி.மீ. கண்ணுக்கு 0.29. 28 மி.மீ. கண்ணுக்கு 0.34. வித்தியாசம் சிறிதாகத் தெரிகிறதா? பரப்பளவுக்கு இதை இருமடிப் பெருக்கமாக்க வேண்டும். 28 மி.மீ. கண்ணில் உள்ள தழும்பை 24 மி.மீ. கண்ணாக நினைத்து அளந்து 2 சதுர மி.மீ. என்று எழுதினால், உண்மையில் அது 2.8-ஐ ஒட்டி இருக்கும். ஆகவே ஒவ்வொரு நோயாளியின் கண் நீளமும் உங்களிடம் இருந்தால் சதுர மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். கண்புரை அறுவைக்கு முன் எடுக்கும் பயோமெட்ரியிலேயே அது இருக்கும், கேட்டு வாங்கலாம். இல்லையென்றால், டிஸ்க்கின் பரப்பளவில் இத்தனை மடங்கு என்று எழுதுவது நேர்மையானது. கண் மருத்துவத்தில் அந்த வழக்கம் ஏற்கெனவே உண்டு. டிஸ்க்கின் அளவும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கைக்குழந்தைகளின் படங்கள் என்றால் இந்த எண்கள் எதையும் எடுக்காதீர்கள். பிறந்த குழந்தையின் கண் நீளம் 17 மி.மீ. அளவில்தான் இருக்கும், ஒளியியலும் வேறு.

இதுவரை சொன்னது கண்ணைக் கோளம் என்று நம்பி. கண் கோளமில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆட்சிசன் குழுவினர் 2004-இல் எம்ஆர்ஐ வைத்து அளந்து வெளியிட்டதில், கிட்டப்பார்வை கூடக் கூடக் கண் எல்லாத் திசையிலும் வளர்ந்தாலும் ஒரே அளவில் வளர்வதில்லை என்று தெரிந்தது. நீளம், உயரம், அகலம் மூன்றும் ஏறத்தாழ 3:2:1 என்ற விகிதத்தில் கூடுகின்றன. ஆகவே கோளத்துக்குப் பதில் நீள்கோளம் போடுவது நியாயம்தான். ஆனால் 45 டிகிரி படத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. பின்துருவத்தைச் சுற்றியுள்ள சின்னப் பகுதியில் சுவரின் வளைவு சற்று மாறினாலும் நோடல் புள்ளியிலிருந்து சுவர் வரையுள்ள தூரம் அதிகம் மாறாது, பரப்பளவைத் தீர்மானிப்பதும் முக்கியமாக அந்தத் தூரம்தான். கண்ணின் நீளத்தைச் சரியாகப் போட்ட கோளம், சராசரி நீளம் போட்ட நீள்கோளத்தைப் பெரும்பாலும் தோற்கடிக்கும். விதிவிலக்கு, பின்சுவர் பள்ளமாகப் பிதுங்கியிருக்கும் கண்கள், அதாவது போஸ்டீரியர் ஸ்டேஃபிலோமா. அங்கே கோளமும் உதவாது, நீள்கோளமும் உதவாது. அந்த நோயாளியின் எம்ஆர்ஐயோ அகலமான ஓசிடியோ (ஒளியால் விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஸ்கேன்) இருந்தால்தான் வடிவம் கிடைக்கும்.

ஓசிடி என்றதும் அதிலிருந்து நேரடியாக வளைவை எடுத்துவிடலாம் என்று தோன்றும். கவனம் தேவை. ஓசிடியின் கதிர்கள் கண்மணியில் ஒரு புள்ளியைச் சுற்றி விசிறி மாதிரி விரிந்து உள்ளே போகின்றன. ஆனால் திரையில் அவை ஒன்றுக்கொன்று இணையான நேர்க்கோடுகளாக அடுக்கப்பட்டுச் செவ்வகமாகக் காட்டப்படுகின்றன. அதனால் விழித்திரை உண்மையைவிட மிகத் தட்டையாகத் தெரியும், சில சமயம் எதிர்ப்பக்கம் வளைந்ததுபோலக்கூடத் தெரியும். போதாக்குறைக்கு ஆழத்தைப் பல மடங்கு நீட்டிக் காட்டுவார்கள். அந்த விசிறியை மீண்டும் விரித்த பிறகுதான் வளைவு என்று எதையும் பேச முடியும். தடிமன் அளவுகளுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, கண்ணின் வடிவத்துக்குத்தான் பிரச்சினை.

சுவரிலிருந்து எழும்பி நிற்கும் எதையும் கோளத்தில் ஒட்டும்போது இடம் தவறும், இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கட்டி 5 மி.மீ. உயரம் எழும்பியிருக்கிறது, அதன் உச்சி மையக்கோணம் 60 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். கேமராவிலிருந்து வரும் கதிர் அந்த உச்சியைத் தொடும். உங்கள் மாதிரிக்குக் கட்டி இருப்பது தெரியாது, அது கதிரை நேராகச் சுவர் வரை நீட்டிக்கொண்டு போகும். மேலே கொடுத்த எண்களை வைத்துப் போட்டால் அது சுவரைத் தொடும் இடம் 50 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அதாவது உச்சி, தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 2 மி.மீ.க்கு மேல் பின்துருவத்தை நோக்கி நகர்ந்து ஒட்டப்படும். தட்டையான தழும்புக்கும் ரத்தக்கசிவுக்கும் இந்தக் கவலை இல்லை. கட்டிக்கு உண்டு. கண் கட்டிகளுக்கு புரோட்டான் சிகிச்சை திட்டமிடுபவர்கள் இதனால்தான் படத்தை மட்டும் நம்பி இறங்குவதில்லை. கட்டியின் அடிவிளிம்பைச் சுற்றிக் கண்ணின் வெள்ளைச் சுவரில் டான்டலம் என்ற உலோகத்தாலான சிறு கிளிப்புகளைத் தைத்து, எக்ஸ்ரேயில் அவற்றின் இடத்தைப் பார்த்துத்தான் கண் மாதிரியைப் பொருத்துகிறார்கள். கோய்ட்டைன், மில்லர் இருவரும் 1983-இல் விவரித்த திட்டமிடல் முறை அந்த வழியில் வந்தது. ஃபண்டஸ் படம் அங்கே துணைக்கு நிற்கிறது.

ஒருவேளை நாளைக்கு அகலக்கோணப் படங்களுக்குப் போவீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஆப்டோஸ் கருவிகளில் சொல்லும் 200 டிகிரி மையக்கோணம். உங்கள் கேமராவின் 45-ஐ அதோடு நேராக ஒப்பிடக் கூடாது, 45-ஐ முதலில் 63 ஆக்கிவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டு, அவ்வளவு ஓரத்துக்குப் போனால் நோடல் புள்ளி என்ற எளிய கற்பனை செல்லாது. கருவிழியிலும் லென்ஸிலும் கதிர் எப்படி வளைகிறது என்று அடுக்கடுக்காகப் பின்தொடர வேண்டும். ட்ராஸ்டோவும் ஃபௌலரும் 1974-லேயே இதைக் கணக்கிட்டு, ஓரத்துக்குப் போகப் போக டிகிரிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்பது குறைந்துகொண்டே வருகிறது என்று காட்டினார்கள். அகலக்கோணக் கருவிகளின் மென்பொருள் இதைச் செய்து, கோளத்தில் வைத்து, மறுபடி தட்டையாக்கி ஸ்டீரியோகிராஃபிக் புரொஜெக்‌ஷனில் படத்தைக் கொடுக்கும்.

அந்தத் தட்டைப் படத்தில் பிக்சல்களை எண்ணிப் பரப்பளவு சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோளத்தை நீளமும் பரப்பும் மாறாமல் தட்டையாக்கவே முடியாது, காஸ் இதை 1827-இல் நிரூபித்துவிட்டார். எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் தேர்வு. ஸ்டீரியோகிராஃபிக் முறை கோணங்களைக் காப்பாற்றும். ரத்தக் குழாய்கள் பிரியும் கோணமும் சிறு வடிவங்களும் அப்படியே இருக்கும், அதனால் மருத்துவர் பார்க்க நல்லது. பரப்பு மட்டும் வீங்கும். மையக்கோணம் 60 டிகிரியில் பரப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு, 90 டிகிரியில் 4 மடங்கு. ஓரத்தில் ரத்த ஓட்டம் நின்றுபோன பகுதியைத் தட்டைப் படத்தில் அளந்தால் ஒன்றை நான்காகச் சொல்வீர்கள். தட்டையில் வரையுங்கள், ஆனால் வரைந்த கோட்டைக் கோளத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பளவை அங்கே கூட்டுங்கள். தட்டையிலேயே பரப்பளவு வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், லாம்பர்ட் 1772-இல் தந்த சமப்பரப்பு முறை இருக்கிறது. வடிவங்கள் ஓரத்தில் நசுங்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பல படங்களை இணைத்து ஒட்டப் போகிறீர்கள் என்றால் தட்டையில் தைத்துவிட்டுப் பிறகு கோளத்துக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு படத்திலும் நோயாளி வேறு திசையைப் பார்த்திருப்பார், ஒவ்வொன்றின் மையமும் கோளத்தில் வேறு இடம். தட்டையில் தைக்கும்போது கேன், ஸ்டூவர்ட், ரோய்சம் முதலியோர் 2002-இல் கொடுத்த 12 மாறிகள் கொண்ட இருபடி மாற்றம் நன்றாகவே பொருந்தும், விழித்திரையின் வளைவை மனதில் வைத்துத்தான் அதை அமைத்தார்கள். ஆனால் அது படங்களை ஒன்றோடொன்று பொருத்தும், மில்லிமீட்டர் தராது. உங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு படத்துக்கும் கோளத்தின் சுழற்சியைக் கண்டுபிடிப்பது: ரத்தக் குழாய்களின் கிளைப்புள்ளிகள் இரண்டு படத்திலும் கோளத்தின் ஒரே இடத்தில் விழும்வரை திருப்புவது. உங்கள் முறையைச் சோதிக்க ஃபையர் என்ற தரவுத் தொகுப்பு பொதுவில் கிடைக்கிறது. 39 நோயாளிகளின் 134 படஜோடிகள், ஒத்த புள்ளிகள் குறிக்கப்பட்டே இருக்கின்றன.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இப்படி. 45 டிகிரி படம், கண்ணின் நீளம் தெரியும், தழும்பு தட்டையானது, பின்சுவரில் பிதுக்கம் இல்லை என்றால், எடுக்கலாம். முன்பு சொன்ன இரண்டு படச் சோதனையில் வந்த வித்தியாசத்தைப் பிழை வரம்பாகக் கூடவே எழுதுங்கள். ஒரே கண்ணில் ஆறு மாதம் முன்னால் இருந்தது வளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதானால் நீளம்கூடத் தேவையில்லை, பெரியவர்களின் கண்ணில் அந்த இடைவெளியில் நீளம் பெரிதாக மாறுவதில்லை, விகிதம் போதும். இரண்டு வேறு ஆட்களை ஒப்பிடுவதானால் நீளம் இல்லாமல் தொடாதீர்கள். எழும்பிய கட்டியை இந்த வழியில் அளக்க வேண்டாம், அதற்கு அல்ட்ராசவுண்ட் இருக்கிறது.

கடைசியாக, ஒட்டிய பிறகு கோளத்தில் படம் படாத பெரிய பகுதி வெறுமையாக இருக்கும். ஒரு 45 டிகிரி படம் விழித்திரையில் எட்டில் ஒரு பங்கைத்தான் மூடும், மொத்த விழித்திரை சுமார் 1,100 சதுர மி.மீ. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அந்த இடத்தைப் பக்கத்து நிறத்தால் நிரப்பிவிட ஷேடரில் (பிளெண்டரில் நிறத்தைத் தீர்மானிக்கும் பகுதி) ஆசை வரும். சாம்பல் நிறமாகவே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாதிரியைப் பார்ப்பவர், படமே எடுக்காத ஓரத்தில் நோய் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்.